ஒன்றரை வருஷம் மக்காத 'மக்கும் கவர்'

2024 சித்திரையில் என் மாமனார் உரக்குழியில் இருந்து ஒரு கவரை எடுத்து, குழாயடியில் கழுவி, கடை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். கழுவின பிறகு அது புதுசு மாதிரி இருந்தது. அச்சடித்திருந்த பச்சை இலைகூடக் கலையவில்லை. இலைக்குக் கீழே எழுதியிருந்ததும் நன்றாக வாசிக்க வந்தது: '180 நாளில் மண்ணோடு மண்ணாகும்.' புதைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் கடை மார்த்தாண்டத்தில் இருந்து குலசேகரம் போகிற வழியில் இருக்கிறது. ஏத்தங்காய் சிப்ஸ், சக்கை (பலா) வத்தல், சர்க்கரை வரட்டி. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சேரும். நானும் மாமியும் பொரிப்போம், வீட்டுக்காரர் வெளிக் கடைகளுக்குக் கொண்டு போடுவார். மாமாவுக்கு ஒரு ஏக்கர் ரப்பரும் கொஞ்சம் வாழையும் உண்டு. ஆறாயிரம் ரூபாய் வாடகைக் கடை. ஏமாந்தால் உடனே வலிக்கிற அளவு வியாபாரம்.

பிளாஸ்டிக் பைத் தடை எங்கள் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1-ல் தடை வந்தது. அதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் முன்னாலேயே இங்கே கலெக்டர் முயற்சியில் பைகளை ஒழிக்கப் பார்த்தார்கள். அதனால் காகிதப் பைக்குப் பழகியிருந்தோம். ஆனால் எண்ணெய்ப் பண்டமும் காகிதமும் ஒத்துப்போகாது. இடவப்பாதி மழையில் பைக் வண்டியில் தொங்குகிற காகிதப்பை வீடு போய்ச் சேருவதற்குள் கிழிந்து, சிப்ஸ் ரோட்டில் சிந்தும். அடுத்த நாள் அந்த வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாது.

2022 ஜூலை 1-ல் நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்ததும் சந்தையில் ஒரு பரபரப்பு. அந்த மாதம்தான் கவர் பையன் வந்தான். பைக்கில் இரண்டு பெரிய கட்டு. "அக்கா, இது பிளாஸ்டிக் இல்லே. மக்காச்சோளத்துல செய்தது. நூறு சதவீதம் மக்கும். ஆபீசர் வந்தாலும் பயப்படாண்டாம்." தொட்டுப்பார்த்தால் கொஞ்சம் மொறுமொறுப்பாக, வழக்கமான கவரைவிட வித்தியாசமாகத்தான் இருந்தது. சாதாரணக் கவரைப்போல இரண்டு மடங்கு விலை. அந்த விலையே எனக்கு ஒரு அத்தாட்சியாகத் தெரிந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல பொருள், அதனால் விலை கூடுதல் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பில் வேண்டாம் என்றால் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைப்பதாகவும் சொன்னான். பில் வேண்டாம் என்றேன்.

மாமா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பையன் போனபிறகு கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேரே மக்காச்சோளம்லா மக்களே, அது எப்படி மக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்துவிட்டு விடவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு கவரை உரக்குழியில், சாணிக்கும் சக்கைத்தோலுக்கும் நடுவில் வைத்தார். இன்னொன்றை வேலிக் கம்பில் வெயில் படுகிற மாதிரி கட்டினார். ரப்பருக்கு மழைக்காலத்தில் பிளாஸ்டிக் ஷீட் கட்டிப் பழகிய மனுஷன். எந்த ஷீட் எத்தனை வெயில் தாங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

வேலியில் கட்டினது முதலில் தோற்றது. நாலைந்து மாதத்தில் நிறம் வெளுத்தது, தொட்டால் பொடிந்தது. ஒரு காற்றில் சின்னச் சின்னத் துணுக்காக வாழைத்தடம் முழுக்கப் பறந்தது. நான் சந்தோஷமாக, "பார்த்தீங்களா மாமா, மக்குது" என்றேன். அவர் குனிந்து ஒரு துணுக்கை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். "இது மக்கல்லே, நொறுங்கிருக்கு. முழுசா இருந்தா பொறுக்கலாம். இப்போ எப்படிப் பொறுக்குவே?"

குழிக்குள் இருந்தது அப்படியே இருந்தது. சக்கைத்தோல் இல்லை, வாழையிலை இல்லை, கூட வைத்த செய்தித்தாள் கறுத்து மண்ணாகிவிட்டது. கவர் மட்டும் இருந்தது.

ஏன் இப்படி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சாதாரணப் பாலித்தீனிலேயே ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால், வெயிலும் காற்றும் பட்டுச் சீக்கிரம் உடையும். ஆக்ஸோ வகை என்கிறார்கள். உடைவதால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக் இல்லாமல் ஆகிவிடாது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலையில் இந்த வகையை விற்கவே தடை போட்டுவிட்டது. எங்கள் கவர் அந்த வகைதானா என்று நான் சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் வெயிலில் நொறுங்கி, இருட்டில் குந்தியிருந்த விதத்தைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மாமா கவரைத் தோண்டி எடுப்பதற்குச் சில மாதம் முன்னாலேயே இன்னொரு அடி விழுந்திருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் தயாரிப்பாளர் பெயர் எங்கே? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் எங்கே?" என்று கேட்டார். நான் பச்சை இலையைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இலை யார் வேண்டுமானாலும் வரையலாம் என்றார். கட்டு முழுவதும் போயிற்று. முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்.

பையனுக்குப் போன் போட்டேன். எடுத்தான், அது ஒரு ஆச்சரியம். "சர்டிபிகேட் இருக்கு அக்கா, வாட்ஸப்ல அனுப்புறேன்" என்றான். அனுப்பவும் செய்தான். தங்க நிற ஓரம், முத்திரை, ஐ.எஸ்.ஓ. 14001 என்று கொட்டை எழுத்து. எனக்கு மனசு ஆறிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் தர மேற்பார்வையில் இருக்கிற என் நாத்தனார் மகளிடம் காட்டினேன். அவள் பார்த்ததும், "மாமி, இது கவருக்குக் கொடுத்த சான்றிதழ் இல்லே. கம்பெனி எப்படி நடக்குதுங்கிறதுக்குக் கொடுத்தது" என்றாள்.

இந்த இடம்தான் கடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஓ. 14001 என்பது ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் வேலைகளை முறைப்படி திட்டமிட்டு, பதிவு வைத்து, சரிபார்த்து நடத்துகிறதா என்பதற்கானது. ஐ.எஸ்.ஓ. 9001 அதுபோலத் தர நிர்வாகத்துக்கு. இந்த இரண்டும் உண்மையாகவே வைத்திருக்கிற ஒரு தொழிற்சாலை ஆயிரம் வருஷம் மக்காத கவரையும் தயாரிக்கலாம், அதில் முரண் எதுவும் இல்லை. கவர் மக்குமா என்பதற்கான தரம் வேறு: ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. உரமாகும் பிளாஸ்டிக் பையை விற்பதற்கு முன்னால் தயாரிப்பாளரோ விற்பவரோ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்பது 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. பையன் அனுப்பியது பொய்ச் சான்றிதழ்கூட இல்லை, ஒருவேளை நிஜமானதாகவே இருக்கலாம். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். டிரைவிங் லைசென்ஸ் கேட்டால் ரேஷன் கார்டைக் காட்டுவது மாதிரி.

நாத்தனார் மகள் இன்னொன்றும் சொன்னாள். அதுதான் என்னைக் கூடுதலாகக் குழப்பியது. சரியான 17088 சான்று உள்ள கவரை வாங்கியிருந்தாலும் மாமாவின் குழியில் அது சொன்ன நாளில் மக்கியிருக்காதாம். அந்தச் சோதனையை ஏறக்குறைய 58 டிகிரி சூட்டில், காற்றும் ஈரமும் அளவாக வைத்துச் செய்கிறார்கள். பெரிய உரத் தொழிற்கூடங்களில் அந்தச் சூடு வரும். நம் வீட்டுக் குழியில் அந்தச் சூடு விடாமல் மாதக்கணக்கில் நிற்குமா? ஏ.வி.எம். கால்வாயிலோ குளச்சல் கடலிலோ விழுந்தால் கேட்கவே வேண்டாம். 180 நாள் என்கிற எண்ணும் அந்தச் சோதனையில் இருந்து வந்ததுதான். அறைக்குள் நடந்த சோதனையின் நாளை எடுத்து, வெளியில் கிடக்கிற கவரின் மேல் அச்சடித்துவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து 'மக்கும்' என்ற சொல்லைப் பார்த்தால் எங்கே, எத்தனை நாளில் என்று கேட்கிறேன். பதிலில் ஒரு இடமும் ஒரு நாள் கணக்கும் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை. எல்லாமே என்றைக்காவது மக்கும், பாறைகூட.

சரி, புகார் கொடுக்கலாம் என்று இறங்கினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் தெரிந்த வக்கீல் ஒருவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க நுகர்வோரா, வியாபாரியா?" 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுபடி விற்பதற்கோ வணிகத்துக்கோ வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். தானே உழைத்துப் பிழைக்கிற சுயதொழில்காரர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லி வாதாடலாம். "சரி, பில் எடுங்க" என்றார். பில்லா? இருபது ரூபாய் குறைத்து வாங்கினேனே. அங்கேயே என் வழக்கு முடிந்துவிட்டது. பையனின் எண்ணும் கொஞ்ச நாளில் செயலிழந்துவிட்டது.

இப்போது எந்தப் பை வாங்கினாலும் பில் வாங்குகிறேன். பில்லில் வெறும் 'கவர்' என்று எழுதவிடுவதில்லை. 'உரமாகும் பை, சான்று எண் இன்னது' என்று அவன் வாயால் சொன்னதை அவன் கையாலேயே எழுத வைக்கிறேன். பாதிப்பேர் எழுதச் சொன்னதுமே ஜகா வாங்கிவிடுகிறார்கள். சோதனைச்சாலையே தேவையில்லாத சோதனை இது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. கவர் விஷயத்தில் கோபமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். கால் கிலோ சிப்ஸ் வாங்கினார். பாக்கெட்டில் நான் ஒட்டியிருந்த லேபிளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். '100% இயற்கை. சுற்றுச்சூழலுக்கு உகந்தது.' பக்கத்தில் ஒரு பச்சை இலை. ஆமாம், நானும் இலை போட்டிருந்தேன்.

"எது உகந்தது? சிப்ஸா, பாக்கெட்டா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. சிப்ஸ் என்றால், ஏத்தங்காய் எங்கே யார் தோட்டத்தில் வாங்கினது, மருந்து அடித்தார்களா என்று எனக்கே தெரியாது. பாக்கெட்டோ, நமத்துப்போகாமல் இருக்க உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள பல அடுக்குக் கவர். அதன் முதுகில் முக்கோண அம்புக்குறியும் நடுவில் 7 என்ற எண்ணும் இருந்தன. மறுசுழற்சி ஆகும் என்பதற்கான முத்திரை அது என்றே நான் நம்பியிருந்தேன். வாத்தியார் திருத்தினார். அந்த எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்கிறது, அவ்வளவுதான். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் மற்றவை. பழைய இரும்புக் கடைக்காரர் 1-ஐ எடுப்பார். என் பாக்கெட்டை அவரிடம் நீட்டிப் பார்த்தேன், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார்.

யாரிடமும் கேட்காமல் பிரிண்டிங்காரர் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துப் போட்ட வாசகம் அது. நல்லா இருக்கு என்று விட்டிருந்தேன். கவர் பையனும் அப்படித்தான் யாரோ சொன்னதை என்னிடம் சொல்லியிருப்பான். அவன் வேண்டுமென்றே ஏமாற்றினான் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லேபிளை மாற்றினேன். 'சுத்தமான தேங்காய் எண்ணெயில் பொரித்தது' என்பது இருக்கிறது, அதை யார் வந்தாலும் அடுப்படியில் காட்டுவேன். உகந்ததும் இல்லை, இலையும் இல்லை. 'பாக்கெட் பிளாஸ்டிக். டின் கொண்டுவந்தால் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு' என்று சின்னதாகப் போட்டேன். வியாபாரம் படுக்கும் என்று வீட்டுக்காரர் பயந்தார். படுக்கவில்லை. பெரிதாக ஏறவும் இல்லை. டின்னோடு வருகிறவர்கள் வாரத்துக்குப் பதினைந்து, இருபது பேர். முக்கால்வாசி அம்மாமார். அந்தக் காலத்தில் தூக்குவாளி கொண்டு எண்ணெய் வாங்கப் போனவர்கள்.

பிறகுதான் தெரிந்தது, 2024 அக்டோபர் 15-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது என்று. 'பசுமை', 'இயற்கை', 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொத்தாம்பொதுவான சொற்களைப் போட்டால் எந்த அர்த்தத்தில் என்று விளக்க வேண்டும், ஆதாரம் இருக்க வேண்டும். 'மக்கும்', 'மறுசுழற்சி ஆகும்' என்றெல்லாம் குறிப்பாகச் சொன்னால் நம்பகமான சான்று வேண்டும். முழுப் பொருளுக்கா, பாக்கெட்டுக்கு மட்டுமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வாத்தியார் என்னைக் கேட்ட கேள்வி அது! தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தைப் பற்றி இந்திய விளம்பரத் தர மன்றத்துக்கும் (ASCI) பொதுமக்கள் காசில்லாமல் புகார் எழுதலாம்.

கண் ஒருமுறை திறந்தால் எங்கே பார்த்தாலும் இதுதான். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவிலில் ஜவுளி எடுத்தபோது கடையில் கொடுத்த 'துணிப்பை'யை மாமி துவைத்துக் காயப்போட்டார். சில வாரத்தில் கொடியிலேயே உதிர்ந்தது. நெய்யாத பை அது, பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. துணியா என்று பார்க்க எளிய வழி, ஓரத்தில் நூல் பிரிகிறதா என்று இழுத்துப் பாருங்கள். நெய்தது நூலாகப் பிரியும், இது பஞ்சு மாதிரிப் பிய்ந்து வரும்.

அதே கல்யாணத்துக்கு வந்தவர்களைக் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தோம். குளியலறையில் ஒரு அட்டை: 'பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்.' நல்ல யோசனைதான். கீழே வரவேற்பறையில் கதவைத் திறந்துபோட்டு ஏ.சி. ஓடியது. அறைக்கு நாலு அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். இந்த மாதிரிப் பச்சைப் பூச்சுக்கு ஆங்கிலத்தில் கிரீன்வாஷிங் என்று பேர். அந்தச் சொல்லே ஓட்டல் துண்டு அட்டையில் இருந்துதான் பிறந்ததாம். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. நாற்பது வருஷம் ஆகியும் அட்டை மாறவில்லை.

அதெல்லாம் சின்னக் கம்பெனிகளின் வேலை, பெரிய பேர் உள்ளவன் செய்யமாட்டான் என்று என் கொழுந்தன் வாதாடினான். அவன் கார் பைத்தியம், அதனால் அவன் பாஷையிலேயே சொன்னேன். 'கிளீன் டீசல்' என்று விளம்பரம் செய்த ஃபோக்ஸ்வேகன், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கிற மென்பொருளைக் காருக்குள் வைத்திருந்தது 2015-ல் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. சோதனைச்சாலையில் ஒன்று, ரோட்டில் ஒன்று. கவரின் 180 நாளும் அதே கதைதானே? கொழுந்தன் பேச்சை மாற்றிவிட்டான்.

மரக்கணக்கும் உண்டு. எண்ணெய் டின் சப்ளை செய்கிற ஒரு கம்பெனி, 'ஒரு டின்னுக்கு ஒரு மரம்' என்ற ஸ்டிக்கரை என் கடைக் கண்ணாடியில் ஒட்டக் கொடுத்தது. எங்கே நடுகிறீர்கள், என்ன மரம், நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டேன். வந்தவருக்குத் தெரியவில்லை. வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்காமல் விட்டாலும் நாம் விடக்கூடாது. குலசேகரம் பக்கம் மலை முழுக்க மரம்தான், அத்தனையும் ரப்பர். மாமா அதில்தான் எங்களை வளர்த்தார், குறை சொல்லவில்லை. ஆனால் வரிசையாக ரப்பர் நிற்கிற மலையைக் காடு என்று அவர்கூடச் சொல்லமாட்டார். ஸ்டிக்கரை ஒட்டவில்லை.

குழியில் இருந்து எடுத்த கவர் இப்போதும் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. போன மாதம் ஒரு புதுப் பையன் வந்தான். கரும்புச்சக்கைத் தட்டு, கூடவே மக்கும் கவர். சான்று எண் கவரிலேயே அச்சடித்திருந்தது. வாரிய இணையதளத்துப் பட்டியலில் தேடினேன், கம்பெனிப் பேர் இருந்தது. பில்லிலும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தான். எனக்கு ஒரு மாதிரி சந்தோஷம்தான். இருந்தாலும் பழைய கவரை எடுத்துக் காட்டினேன். "அக்கா, இது எங்க கம்பெனி இல்லே" என்றான் அவசரமாக.

"தெரியும் தம்பி. உங்க கவர் ரெண்டு சும்மா கொடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தான். மாமாவுக்கு இப்போது குனிய முடியவில்லை, திண்ணையில் இருந்தபடி இடம் காட்டினார், நான்தான் குழி வெட்டினேன். ஒன்று உள்ளே, ஒன்று வேலியில். தேதியை காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.